காற்று போகும் இடம்

பின்சக்கரங்கள் பட்டறையின் சோதனை உருளைகளின் மேல் சுழல, கார் நின்ற இடத்திலேயே மலையேறிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் மீட்டர் ஊசி ஒழுங்காக ஏறி, பாதியில் தயங்கி, யாரோ விரல் வைத்து அழுத்தியது போலச் சரிந்தது. அதே நொடியில், பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் சாயோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

தோரு ஹிகாசா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். இன்ஜின் தணிந்தது. மழை தகரக் கூரையில் விடாமல் பொரிந்துகொண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு எப்படிக் கேட்டது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"சாயோ, என்ன ஆச்சு?"

"என்ன என்ன ஆச்சு? முள்ளங்கி நறுக்கிட்டிருக்கேன்."

"பெருமூச்சு விட்டியே?"

"உங்களைக் கட்டிக்கிட்டவ பெருமூச்சு விடாம பாட்டா பாடுவா? சீக்கிரம் கையைக் கழுவிட்டு வாங்க. மழை நாள்ல கூட அந்தப் பழைய வண்டிய விட்டு நகர மாட்டேங்கறீங்க."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மறுபடி மிதித்தான். ஊசி ஏறியது, தயங்கியது, விழுந்தது. சுவருக்கு அப்பால் மறுபடி அந்தப் பெருமூச்சு. இந்த முறை அது மூச்சை வெளியே விடும் ஒலி இல்லை என்று தெரிந்தது. உள்ளே வாங்கும் ஒலி.

காரைக் கொண்டுவந்தவர் டாக்டர் குஸே. பக்கத்து ஊரில் முப்பது வருடம் பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். இளம்வயதில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், கரும்பச்சை நிறம், ஒரு கீறல் இல்லை. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மழையில் நனைந்துகொண்டே குனிந்து வணங்கிச் சொன்னார்: "மேட்டுல இழுக்க மாட்டேங்குது, ஹிகாசா. கீழே நல்லாத்தான் ஓடுது. ஏறும்போது பாதியில பலம் போயிடுது."

மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோரு சொன்னபோது, அவர் சாயோவைப் பார்த்துச் சிரித்தார். "மீட்டரை ஓட்டறவர் பார்த்தா ஆபத்து. உங்க வீட்டம்மாவைப் பக்கத்துல உக்கார வைங்களேன். அவங்க கண்ணு கூர்மையா இருக்கு." சாயோவுக்கு அது பிடித்துப்போயிற்று. உசுகானே கணவாய்க்குப் போகும் வளைவுகளில் அவள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாசிப்பது சட்டென நின்றது. தோரு திரும்பிப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தபடி, கண்கள் அகல, நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. மலைக்காத்து."

அதன்பின் இந்த நாட்களில் தோரு காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டான். பிளக்குகள், காயில்கள், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், சிலிண்டர்களின் அழுத்தம், புகைக்குழாயில் அடைப்பு. எல்லாம் சுத்தம். மிஞ்சியது ஒன்றுதான்: டர்போ அழுத்தி அனுப்பும் காற்று இன்ஜினுக்குள் போய்ச் சேரும் முன் எங்கேயோ கசிகிறது. வாங்கும் காற்றில் பாதி வழியிலேயே தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஹோஸ்கள் எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீர் தெளித்தான். ஒரு குமிழ் எழவில்லை.

அதற்கு மேல் புகைதான் வழி.

காரை உருளைகளிலிருந்து இறக்கி, வாசலைப் பார்த்து நிறுத்தினான். காற்று நுழையும் குழாயைக் கழற்றி, அதன் வாயை ரப்பர் மூடியால் இறுக்கி, மூடியின் நடுவே புகை இயந்திரத்தின் மெல்லிய குழாயைச் செருகினான். எண்ணெயைச் சூடாக்கி வெள்ளைப் புகையாக்கி உள்ளே அனுப்பும் சின்னப் பெட்டி அது. குழாய்க்குள் புகை நிறைந்ததும், விரிசல் எங்கிருந்தாலும் அங்கே நூல்போல வெளியே வரும். எந்தக் காராலும் புகையை அதிக நேரம் ஒளித்துவைக்க முடியாது.

இந்தக் கார் ஒளித்தது.

பெட்டி குடுகுடுவென ஓடியது. புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிறையவில்லை. பெட்டியில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. தோரு கைவிளக்கோடு ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தான், காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, குளிர்ந்த சிமெண்டின் ஈரம் முதுகில் ஏற, இரும்பின் கறுத்த வளைவுகளுக்கு நடுவே விளக்கொளியை ஊரவிட்டுத் தேடினான். ஒரு பிசிறு இல்லை. வெளியே மாலை வெளிச்சம் மழையில் கரைந்துபோய், பட்டறையின் மூலைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போகும் புகை எங்கேயாவது வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்தபோதுதான் அந்த வாசனை வந்தது. சுட்ட மெழுகு போன்ற, இனிப்பான, எண்ணெய்ப் புகையின் வாசனை.

காரிலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வந்தது.

எழுந்து, செருப்பைக் கழற்றி, இழுப்புக் கதவைத் திறந்தான். சின்ன நடைக்கு அப்பால் அறையில் விளக்கு எரிந்தது. அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேசையின் போர்வைக்குள் கால்களை நீட்டி, அவனுக்கு முதுகு காட்டி, சாயோ சீமைப் பனிச்சைப் பழம் சீவிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் விளக்கைச் சுற்றி வெண்மையாக ஏதோ மிதந்தது. சிகரெட் பிடிக்கிறாளா என்று நினைத்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் சிகரெட்டைத் தொட்டதில்லை.

"சாயோ."

அவள் திரும்பினாள். இரண்டு மூக்குத் துளைகளிலிருந்தும் வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. கெட்டியாக, நிதானமாக. உதடுகளைத் தாண்டி, மோவாயைத் தாண்டி, கழுத்தில் இறங்கி, சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கொத்துப் புகை வந்தது. "முகத்துல எதாவது..."

அவளும் பார்த்துவிட்டாள். கத்தி மேசையில் விழுந்தது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் புகை கசிந்தது.

தோரு ஓடினான். வந்த வழியே ஓடி, பெட்டியின் சுவிட்சை அணைத்தான். குடுகுடுச் சத்தம் நின்றது. முதலில் நிம்மதி. அப்புறம் வீட்டுக்குள் மேசை புரண்டு விழும் சத்தம். பீங்கான் உடையும் சத்தம். இன்னொன்றும் கேட்டது. ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு ஒலி வரும் என்று அவனுக்குத் தெரியாது. பூட்டிய அறைக்குள் அகப்பட்ட ஏதோ கதவைப் பிராண்டுவது போல.

மூடி. குழாயின் வாயில் அவன் கைப்பட இறுக்கிய ரப்பர் மூடி. காற்று நுழையும் ஒரே வழி அது.

ஸ்பானர் கையிலிருந்து வழுக்கியது. பல்லால் கிளாம்பை நெம்பினான். நகம் பிய்ந்தது. மூடி 'பொளக்'கென்று வந்தது. குழாய் காற்றை உறிஞ்சும் ஓசையும் வீட்டுக்குள் சாயோ மூச்சை இழுக்கும் ஓசையும் ஒன்றாகக் கேட்டன. இரண்டு ஓசை இல்லை. ஒரே ஓசை.

அவன் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினான். குழாய், ஃபில்டர், கிளாம்புகள். ஒவ்வொரு திருகையும் அவன் வாழ்நாளில் முடுக்காத கவனத்தோடு முடுக்கினான், ஒரு தூசி போகாதபடி, ஒரு மடிப்பு விழாதபடி. உள்ளே அவளுடைய இருமல் அடங்கி, மூச்சு சீரானது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாகக் கோளாறு கண்டுபிடித்தே பழகிய கை. டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் ஹோஸை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினான். சுவருக்கு அப்பால் மூச்சு தடைப்பட்டது. விட்டான். மூச்சு வந்தது.

தற்செயலாக இருக்கலாம். இன்னொரு முறை அழுத்தினான். கொஞ்சம் கூடுதலாக.

உள்ளே போனபோது சாயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது. "யாரோ என் தொண்டையைப் புடிச்சாங்க," என்றாள். "விட்டுட்டு, மறுபடியும் புடிச்சாங்க. வேணும்னே பண்ண மாதிரி இருந்துச்சு." அவன் விரல்களைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று அவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்துக்கொண்டு தன் வேனை நோக்கி நடந்தான். பட்டறை வாசலைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் அவள் கால்கள் துவண்டன. மூச்சு மெலிந்தது. அணைந்து கிடந்த கரும்பச்சைக் காரை விட்டு விலக விலக அது மெலிந்தது. நீளமான குழாயில் தூரத்திலிருந்து வரும் காற்றுபோல. திரும்பக் கொண்டுவந்து போர்வைக்குள் கிடத்தினான்.

டாக்டருக்குப் போன் செய்தான். என்ன கேட்பதென்று தெரியாமல், "டாக்டர், இந்த வண்டியில இதுக்கு முன்னாடி..." என்று தொடங்கினான்.

மறுமுனை குறுக்கிட்டது.

"கண்டுபுடிச்சுட்டீங்களா?" என்றார் குஸே. குரலில் அத்தனை இதம். "கெட்டிக்காரர்னு சொன்னாங்க. இதோ வர்றேன்."

டாக்சியில் வந்து இறங்கினார். கறுப்புக் குடையை மடக்கி, உதறி, வாசலில் சாய்த்துவைத்தார். துணியில் பொதிந்த இனிப்புப் பெட்டி ஒன்றை வேலைமேசையின் மேல் இரண்டு கையாலும் வைத்துக் குனிந்து வணங்கினார். வீட்டுப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார், நோயாளியின் வாசலில் நிற்கும் வைத்தியர்போல.

"என் பொண்ணு மினோரி இன்னிக்கு மத்தியானம் எழுந்து உக்காந்துட்டா," என்றார். "வசந்த காலத்துலேர்ந்து படுக்கை. மூக்குல குழாய். இன்னிக்கு எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. சூடா ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சா. ஏன்னு டாக்டருங்களுக்குப் புரியல."

தோருவுக்குப் புரிந்தது. மினோரியை விட்டுவிட்டு அது சாயோவைப் பிடித்திருக்கிறது.

"உங்க பொண்ணும் அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்தாங்களா?"

"மே மாசம். ஒரே ஒரு தடவை. கடல் பாக்கணும்னா." டாக்டர் காரின் முன்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். "அதுக்கப்புறம் நான் தினம் அந்த சீட்டுல உக்காந்து பாத்தேன், தம்பி. கூலிக்கு ஆள் வெச்சு ஓட்டச் சொல்லி உக்காந்தேன். என்னை எடுத்துக்கல. கிழவன் மூச்சு அதுக்கு ருசிக்கல போல."

"நான் உக்கார்றேன். இப்பவே. நீங்க ஓட்டுங்க. என்னை எடுத்துக்கட்டும்."

"எடுத்துக்காம, மறுபடியும் மினோரிகிட்டயே போயிட்டா?"

"டாக்டர்!"

"பாதியில விட்டா அது திரும்பி வரும்.  என் வீட்டுக்காரி விஷயத்துல பாதியில விடல. அவ மூச்சு நின்னு, வண்டி நல்லா இழுக்கற வரைக்கும் மேட்டுல ஏத்தினேன். அப்புறம் எத்தனையோ வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. மன்னிப்புக் கேட்பவர் போல மறுபடி தலைகுனிந்தார். நிமிர்ந்தபோது கையில் சாவி இருந்தது. அவருடைய சொந்தச் சாவி.

தோரு வேலைமேசையிலிருந்த பெரிய ஸ்பானரை எடுத்தான். திறந்து கிடந்த காரின் முன்மூடிக்குள், தான் சற்றுமுன் அத்தனை பத்திரமாக முடுக்கிய ஹோஸுக்கு மேலே அதை ஓங்கினான்.

"உடைங்க," என்றார் டாக்டர். "உடைச்சா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. நான் உடைச்சுப் பாத்ததில்ல."

வீட்டுக்குள்ளிருந்து சாயோ பலவீனமாகக் கூப்பிட்டாள். "என்னங்க... யாரு வந்திருக்கா? டீ போடவா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. டாக்டர் அருகில் வந்து, முன்மூடியின் தாங்குகம்பியை மெல்ல விலக்கி, மூடியை இறக்கிச் சாத்தினார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவு மூடியது. தோரு ஸ்பானரை எறிந்துவிட்டு மறுபக்கக் கதவின் பிடியைப் பற்றினான். உள்ளே பூட்டு 'டக்'கென்று விழுந்தது. கண்ணாடியைக் குத்தினான். முட்டியில் ரத்தம் வந்தது.

உள்ளே டாக்டர் சாவியைத் திருகி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை லேசாக மிதித்தார். லேசாகத்தான்.

வீட்டுக்குள் சாயோ அலறவில்லை. அலற மூச்சை வெளியே விடவேண்டும். அவளுக்கு உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

தோரு கைப்பிடியை விட்டான்.

அவன் நடையைக் கடப்பதற்குள் கார் வாசலைத் தாண்டி ஈரத் தார்ச்சாலையில் ஏறிவிட்டது. சாயோ போர்வையை உதைத்துத் தள்ளி மல்லாந்து கிடந்தாள். அவள் கையைப் பிடித்தான். அவள் திருப்பிப் பிடித்த பிடியில் அவன் எலும்பு நொறுங்கும் போலிருந்தது. தெருமுனையில் கார் திரும்பும் ஓசை. இரண்டாவது கியர். கோயில் பாலம். அங்கிருந்து மேடு.

அவள் நெஞ்சு உயர்ந்தது. மூச்சு வாங்கும்போது உயர்வது போலத்தான் முதலில். பிறகு நிற்கவில்லை. உயர்ந்துகொண்டே போனது. கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தன. விலா எலும்புகள் தோலுக்கடியில் விசிறி விரிவது போல விலகின. கண்கள் அவனையே பார்த்தன. அவனுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் மார்பின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினான். இரும்பை அழுத்துவது போலிருந்தது. சூடான இரும்பு.

மேலே கியர் மாறியது. கால் எடுத்த அந்த ஒரு கணம் டர்போ தன் மிச்சக் காற்றைக் கக்கும் 'ப்ஷ்ஷ்' ஒலி.

அது மலையிலிருந்து வரவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது. எச்சிலும் எண்ணெய் வாசனையும் அவன் முகத்தில் தெறித்தன.

"சாயோ. வெளிய விடு. விடுமா. விடு."

முதல் கொண்டை ஊசி. உயர்வு. ப்ஷ்ஷ். இரண்டாவது. முதுகு தரையை விட்டு எழும்பியது. உள்ளே எதுவோ முறிந்தது. ப்ஷ்ஷ். ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தெரியும். இன்னும் எத்தனை இருக்கிறதென்று தெரியும். எங்கே சாலை செங்குத்தாகுமென்று தெரியும். மூன்றாவது வளைவுக்குப் பிறகு.

மூன்றாவது.

அங்கே இன்ஜினின் குரல் மாறியது. இத்தனை நாளும் அதில் இருந்த அந்த இளைப்பு, அந்த ஓட்டைச் சத்தம், இல்லாமல் போயிற்று. ஒரு துளி கசிவில்லாமல், முழு பலத்தோடு, கார் கணவாயை நோக்கிப் பாடிக்கொண்டு ஏறியது. கேட்டவுடனே தெரிந்துவிட்டது அவனுக்கு. கோளாறு தீர்ந்துவிட்டது.

சாயோவின் பிடி தளர்ந்தது. நெஞ்சு மட்டும் இறங்கவில்லை. உயர்ந்தது உயர்ந்தபடி, மத்தளம் போல் விறைத்து நின்றது.

கணவாயின் உச்சிக்குப் போய் இன்ஜின் அணைந்தது. மலையில் மழை மட்டும் மிஞ்சியது.

தோரு அவள் முகத்தருகே குனிந்தான். கண்கள் திறந்திருந்தன. வாய் திறந்திருந்தது. அந்த வாய்க்குள் இருட்டில், வெகு ஆழத்தில், ஒரு இன்ஜின் சீராக, மெதுவாக, ஓடிக்கொண்டிருந்தது.